ஒரு தடவை எண்ணினால் போதும்

"இது மனச்சோர்வு. டிப்ரஷன்னு சொல்வோம்" என்று டாக்டர் சொன்னபோது அவளைவிட அவள் கணவனுக்குத்தான் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குள் என்னவோ புகுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அது என்னவென்று தெரியாமல் எல்லோரும் பல வாரங்களாகச் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பெயர் இருந்தால் மாத்திரை இருக்கும், மாத்திரை இருந்தால் சரியாகிவிடும். மனுஷன் மருந்துக்கடை வாசலில் நின்றபடியே தன் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். தூக்கம் வருதா? வரல. பசிக்குதா? இல்ல. காலைல எழுந்திரிக்க முடியுதா? முடியல. அழுகை வருதா? வருது. முன்னாடி ஆசையா செஞ்ச வேலையெல்லாம் இப்பவும் செய்யப் பிடிக்குதா? இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தயங்கி, "செய்யறதில்ல" என்றாள். டாக்டர் தலையாட்டியபடி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். அவர் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறு. அதை அவர் கவனிக்கவில்லை. அவளும் திருத்தவில்லை. அறைக்கு வெளியே காத்திருந்தவர்களால் நாற்காலிகள் நிரம்பிக் கிடந்தன.

அவள் பொது நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். குளத்தில் எல்லோருக்கும் அவள் பெயர் விசில். கழுத்தில் தொங்கும் விசிலை அவள் ஊதவே தேவையில்லை, குரலே அந்த வேலையைச் செய்துவிடும் என்று காவலாளி சொல்வார். தண்ணீரைக் கண்டதும் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுகிற பிள்ளையைக்கூட ஒரு மாதத்தில் மீன் குஞ்சாக்கிவிடுவாள். வீட்டிலும் அதே குரல்தான். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். நாள் முழுக்கக் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பேச்சே மறந்துபோன ஆள். "எனக்கும் சேர்த்து இவளே பேசிடுறா, எனக்கு வாய் மிச்சம்" என்பான். மகளை எல்லோரும் குட்டி என்று கூப்பிட்டார்கள். எட்டு வயது. அம்மாவின் வாய் அப்படியே வந்திருந்தது.

இப்படி இருந்தவள் படுத்த படுக்கையானால் ஊர் என்ன நினைக்கும்? சோகம் என்றுதான் நினைக்கும். டாக்டரும் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்பானேன்! நாத்தனார் தினமும் சிரிப்பு வீடியோவாக அனுப்பித் தள்ளினாள். "அண்ணி, பாத்தீங்களா? சிரிப்பு வந்துச்சா?" என்று பின்னாலேயே போனும் வரும். சிரிப்பு வந்ததாகச் சொல்லாவிட்டால் விடமாட்டாள். தம்பி வேறு ஊரிலிருந்து கூப்பிட்டு, "எதையும் மனசுல வச்சுக்காதக்கா" என்றான். கணவன் படுக்கையறையின் திரைச்சீலையை மாற்றி மஞ்சள் நிறத்தில் ஒன்று போட்டான். அதைப் பார்த்து அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அவ்வளவு நல்ல மனுஷன். ஆனால் வீட்டில் எல்லோரும் வேறு யாருக்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது அவளுக்கு.

நடந்தது இதுதான்.

ஒரு நாள் மாலை வகுப்பில், தவளை என்று அவள் செல்லமாகக் கூப்பிடும் ஒரு பெண் குழந்தை, தோழியிடம் பந்தயம் கட்டிவிட்டு, ஏணிக்குப் பின்னால் அடியில் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இவள் அந்தப் பக்கம் ஒரு தகப்பனாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பினால் ஒரு தலை குறைகிறது. அடியில் நீலச் சட்டை தெரிந்தது. உடுப்போடு பாய்ந்து, தலைமுடியோடு சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினாள். பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தியது. தகப்பனார்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திட்டிக் கரையில் உட்கார வைத்துவிட்டு மிச்ச வகுப்பையும் நடத்தி முடித்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அவளுக்கு ஆனது மறுநாள்தான் தொடங்கியது. வகுப்பில் பிள்ளைகளின் தலையை எண்ணினாள். எண்ணுவது அவள் தொழில், அது தப்பில்லை. ஆனால் எண்ணி முடித்ததும், சரியாக எண்ணினோமா என்று ஒரு சந்தேகம். மறுபடி எண்ணினாள். இரண்டாவது எண்ணிக்கையில் ஏதாவது ஒரு தலை இரண்டு தடவை வந்திருந்தால்? பிள்ளைகளுக்குக் கை போடச் சொல்லிக்கொடுக்கும்போதே உதடு எண்ணிக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் துண்டைப் போர்த்திக்கொண்டு போன பிறகும் குளத்தைச் சுற்றி வந்து அடியைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பாதியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். வெறும் தண்ணீர். பூட்டுவதற்காகச் சாவியோடு நின்ற காவலாளி, "என்ன விசில், மறுபடியும் துண்டை விட்டுட்டீங்களா?" என்றார். "ஆமாண்ணே, என் மறதிக்கு ஒரு அளவே இல்ல" என்று சிரித்து வைத்தாள்.

அதன் பிறகு அது குளத்தோடு நிற்கவில்லை. குட்டி குளிக்கப் போனால் கதவைச் சாத்த விடமாட்டாள். பள்ளிக்கூட வேன் கொஞ்சம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்பாள். கண்ணை மூடினால் நீலச் சட்டை. சோற்றை வாயில் வைத்தால் தொண்டைக்குக் கீழே இறங்காது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், உட்கார்ந்திருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி. இப்படி மாதக்கணக்கில் ஓடினால் எந்த உடம்புதான் தாங்கும்? ஒரு காலையில் எழுந்திருக்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டுப் படுத்தாள். படுத்ததும் ஒரு விஷயம் புரிந்தது. தான் படுத்திருக்கும்வரை தன்னால் ஒரு பிள்ளையும் சாகாது. அப்புறம் எழுந்திருப்பதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

இதை டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "பிள்ளைங்க தண்ணிக்குள்ள செத்துக் கிடக்கற மாதிரி நாள் முழுக்க எனக்குத் தெரியுது" என்று ஒரு நீச்சல் டீச்சர் சொன்னால் கேட்கிறவர் என்ன நினைப்பார்? வேலை போய்விடும். குட்டியை இவளிடம் தனியாக விடலாமா என்றுகூட யாராவது கேட்பார்கள். அதற்குச் சோகம் எவ்வளவோ மேல். சோகத்துக்கு யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் கை நடுங்கியது. உள்ளுக்குள் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போன மாதிரி இருந்தது. அடுத்த தடவை போனபோது, "கொஞ்சமாவது தேவலையா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர்." சோகம் போகவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அளவைக் கூட்டிக் கொடுத்தார். மோட்டார் இன்னும் வேகமாக ஓடியது.

இந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் ஒரு யோசனை சொன்னாள். "அண்ணி நாலு சுவத்துக்குள்ளயே கிடந்தா எப்படி? காத்தாட எங்கயாவது கூட்டிட்டுப் போங்கண்ணா. தண்ணின்னா அண்ணிக்கு உசிராச்சே!" கணவனுக்கும் அது சரியென்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருமாகக் கிளம்பி, ஊருக்கு வெளியே ஏரிக்குப் போனார்கள். நல்ல வெயில். படகுத்துறையில் வாத்து மாதிரி செய்த மிதி படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவள் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் அதையும் சோகம் என்றே நினைத்தார்கள்.

குட்டி மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துப் படகில் ஒரு காலை வைத்தாள். படகு லேசாக ஆடியது. அவ்வளவுதான். அதற்கப்புறம் என்ன செய்தோம் என்பது இவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கத்தினாள். அந்தப் பழைய குரலைக் கேட்டு ஏரிக்கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாய்ந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் குட்டி பலகையில் முட்டி தேயக் குப்புற விழுந்தாள். விழுந்த பிறகும் இவள் கையை விடவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு மண்தரைக்கு வந்துதான் நின்றாள். நின்று, சுற்றி இருந்தவர்களை எண்ணத் தொடங்கினாள். வாய்விட்டு எண்ணினாள்.

"விடும்மா! வலிக்குதும்மா, விடு!"

கணவன்தான் வந்து விரல் விரலாகப் பிரித்தான். குட்டியின் கையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. நாத்தனார் பேயறைந்த மாதிரி நின்றாள். யாரோ ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நாத்தனார் குட்டியை ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். இவர்கள் இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்தார்கள். அவன்தான் முதலில் பேசினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் குரல் உயர்ந்ததில்லை. அன்று உயர்ந்தது.

"அந்தக் கையப் பாத்தியா? சோகமா இருக்கறவங்க இப்படியா பிடிப்பாங்க? எனக்கு ஒண்ணுமே புரியல. எதுலயும் உனக்குப் பிடிப்பு இல்லாமப் போச்சுன்னு டாக்டர் சொன்னார். நானும் நம்புனேன்."

"பிடிப்பு இல்லாமப் போகல."

"பின்ன?"

"எல்லாமே ரொம்பப் பிடிச்சிருக்குங்க. குட்டிய, உங்கள, அந்தப் பிள்ளைங்கள, குளத்த. பிடிச்சதெல்லாம் செத்துப்போயிடும்னு பயமா இருக்கு. எந்நேரமும் பயமா இருக்கு. பயந்து பயந்து உடம்புல ஒண்ணுமில்லாமப் போச்சு. அதான் படுத்துக் கிடக்கேன். நான் சோகமா இல்ல."

சொல்லிவிட்டுத் தவளைக் குழந்தையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள். துண்டைத் தேடிப் போன பொய், கதவைச் சாத்தவிடாத காரணம், கண்ணை மூடினால் தெரிவது எல்லாம். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கல."

"நீயும் சொல்லல."

"சொல்லல."

அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். "என் கடையில கண்ணாடி வாங்கிட்டுப் போறவங்க, ரெண்டு நாள் கழிச்சு வந்து, சரியாத் தெரியல, தலை சுத்துதுன்னு சொல்வாங்க. நான் கோவிச்சுக்கவா செய்யறேன்? மறுபடியும் உட்கார வச்சுப் பாக்கறதில்லையா? நாமளும் போய்க் கேப்போம்."

"வேலையை விட்டு எடுத்துட்டா?"

"எடுத்தா எடுக்கட்டும்" என்றான். பிறகு, "குட்டிகிட்ட மன்னிப்புக் கேளு மொதல்ல" என்றான்.

கேட்டாள். குட்டி ஐஸ்கிரீமை விட்டுக் கண்ணெடுக்காமல், "பரவாயில்ல" என்றாள். அந்த 'பரவாயில்ல' பல நாள் அவள் காதில் இருந்தது. அதில் குட்டியின் வழக்கமான குரல் இல்லை.

டாக்டரிடம் இந்த முறை கணவனும் உள்ளே வந்தான். அவள் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒன்றுமே வாயில் வரவில்லை. "டாக்டர், நீங்க சொன்ன வியாதி எனக்கு இல்லையோன்னு தோணுது" என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தாள். டாக்டரின் புருவம் ஏறியது. இணையத்தில் எதையாவது படித்துவிட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர். "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?" என்றார்.

"எனக்குச் சோகத்துக்கு முன்னாடி பயம் வந்துச்சு டாக்டர். ரொம்ப நாளா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அதைக் கேட்டதும் அவர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். சொல்லச் சொன்னார். அவள் சொல்லும்போது குறுக்கே சின்னச் சின்னதாகக் கேட்டார். எண்ணலேன்னா என்ன ஆகும்னு தோணும்? மனசுல தெரியறது நிஜமா நடக்கும்னு நம்புறீங்களா, இல்ல நடந்துடுமோன்னு பயப்படுறீங்களா? யாருக்காவது கெடுதல் செய்யணும்னு எப்பவாவது நினைச்சதுண்டா? கடைசிக் கேள்விக்கு அவள் பதறிப்போய், "ஐயையோ, கிடையவே கிடையாது" என்றாள். "தெரியும், கேக்கறது என் கடமை. பயப்படாதீங்க, இதுக்காகப் பிள்ளையப் பிரிக்கச் சொல்லி யாரும் வரமாட்டாங்க" என்றார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமும் அந்த ஒரு வாக்கியம் கிடைக்காது என்று பயந்துதான் பொய் சொல்லியிருந்தாள்.

"அப்போ எனக்கு டிப்ரஷன் இல்லையா?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "இருக்கலாம். பயம்தான் மூல காரணமா இருந்து, அதனால வந்த களைப்பா இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் வரும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், படுத்துக் கிடப்பாங்க, சாப்பிடமாட்டாங்க. படுத்துக் கிடக்கறீங்களான்னு கேட்டேன், ஏன்னு கேக்கல. அது என் தப்புதான்."

"அந்த மாத்திரை?" என்று கணவன் கேட்டான். "அதச் சாப்பிட்டதும் இன்னும் படபடப்பாயிடுச்சு."

"பயத்துக்கும் அதே மருந்துதான் கொடுப்போம். ஆனா பயந்த உடம்புக்கு ரொம்ப மெதுவா ஏத்தணும். நான் வேகமா ஏத்திட்டேன். குறைக்கிறேன், நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா மருந்து மட்டும் போதாது. இதுக்குன்னே பயிற்சி கொடுக்கறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்பறேன்."

வெளியே வந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டாக்டர் மேலா, தன் மேலா, மஞ்சள் திரைச்சீலை மேலா? இத்தனை வாரம் வீணாகப் போயிற்றே என்று மனசு ஆறவில்லை. குட்டியின் கையில் இருந்த சிவப்பு மறைந்துவிட்டது, ஆனால் ரோட்டைக் கடக்கும்போது அம்மாவின் கையைப் பிடிக்காமல் அப்பா பக்கம் போய்விடுகிறாள். பயம் என்று சரியான பெயர் கிடைத்தவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவளும் உள்ளுக்குள் நினைத்திருந்தாள். ஆகவில்லை.

பயிற்சி கொடுத்த அம்மாள் சளி பிடித்த மூக்கோடு, கறாரான ஆளாக இருந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார் என்று போனால், வீட்டுப்பாடம் கொடுத்தார். "ஒரு தடவை எண்ணுங்க. அது உங்க வேலை. ரெண்டாவது தடவை எண்ணாதீங்க. அது உங்க பயத்தோட வேலை."

"எண்ணலேன்னா நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கும்மா."

"வெடிக்காது. ஆனா வெடிச்சிடும் போலத்தான் இருக்கும். இருக்கட்டும். அப்படியே உட்காருங்க, அது தானா இறங்கும். எண்ணிட்டீங்கன்னா இறங்கறதை நீங்க பாக்கவே மாட்டீங்க." பிறகு கணவன் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு உதவி செய்யணும். எல்லாரும் பத்திரமா இருக்காங்களான்னு இவங்க உங்கள கேப்பாங்க. பதில் சொல்லாதீங்க."

"ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுல என்னம்மா தப்பு?"

"ஒரு வார்த்தையில அடங்குச்சா இதுவரைக்கும்?"

ஏரியிலிருந்து திரும்பிய பிறகு நாளெல்லாம் அவன் செய்துகொண்டிருந்த ஒரே வைத்தியம் அதுதான்.

முதல் முறை குளத்துக்குப் போனபோது கரை பெஞ்சில் உட்கார மட்டும்தான் அந்த அம்மாள் அனுமதித்திருந்தார். வகுப்பை இன்னொரு டீச்சர் நடத்தினாள். குளோரின் வாசனை மூக்கில் ஏறியதுமே கண் குளத்தின் அடிக்குப் போனது. ஒரு தடவை எண்ணினாள். இரண்டாவது எண்ணிக்கை வாய்க்குள் தானாகவே ஓடியது, நிறுத்த முடியவில்லை. எழுந்து வெளியே ஓடி, காரில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த முறையும் தோற்றாள். மூன்றாவது முறை போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "எனக்கு டிப்ரஷனே இருந்துட்டுப் போகட்டும். படுத்தாவது இருக்கலாம்" என்றாள். கணவன் சிரித்துவிட்டான், அவளும் சிரித்துவிட்டாள். அன்று போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனாள்.

அன்றைக்குத் தவளையும் குளத்தில் இருந்தாள். "விசிலக்கா! எங்க போயிட்டீங்க?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள். நீலச் சட்டைதான் போட்டிருந்தாள். இவள் பெஞ்சில் இருந்தபடியே கையை மட்டும் ஆட்டினாள். எண்ணினாள். சரியாக இருந்தது. எண்ணி முடித்ததும் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு அடித்தது, காது அடைத்தது, முதுகில் வியர்வை வழிந்தது. பிள்ளைகளின் தலைகள் மேலே வந்தன, உள்ளே போயின. கண் அவற்றின் பின்னால் ஓடியது. எண்ணிக்கையை மட்டும் வாய்க்குள் வரவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். பயம் ஏறியது, இன்னும் ஏறியது. வகுப்பு முடிகிறவரை அது இறங்கவே இல்லை. அந்த அம்மாள் சொன்னது பொய்யோ என்றுகூட நினைத்தாள்.

பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியேறினார்கள். குளத்தைச் சுற்றி வந்து அடியைப் பார்க்காமல், அவளும் அவர்களோடு வெளியேறினாள். வாசலில் கணவன் காரோடு நின்றான். பின் சீட்டில் குட்டி காலை ஆட்டிக்கொண்டு எதையோ கொறித்துக்கொண்டிருந்தாள்.

முதல் சிக்னலில் சிவப்பு விளக்கு. "ஏங்க, எல்லாப் பிள்ளைங்களும் வெளிய வந்துடுச்சுல்ல?" என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்லவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரிந்தது.

"திரும்புங்க. ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"உனக்குத் திரும்பணும்னா சொல்லு, திருப்பறேன். ஆனா எல்லாரும் வந்தாச்சான்னு என்னைய மட்டும் கேக்காதே."

பின்னால் குட்டி கொறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. அவன் இன்னும் ஒரு விநாடி காத்திருந்துவிட்டு நேரே ஓட்டினான்.

வீடு வரும்வரை அவள் கதவுப் பிடியை விடவில்லை. வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பயம் இருந்தது. கணவன் முட்டையைப் பொரித்துத் தட்டில் போட்டு முன்னால் வைத்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்போது என்று தெரியவில்லை, ஒரு கட்டத்தில் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது சற்றுத் தணிந்திருந்தது. நிற்கவில்லை, தணிந்திருந்தது. முட்டை ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள், மென்றாள், விழுங்கினாள்.

"அம்மா, நான் குளிக்கப் போறேன்" என்றாள் குட்டி. போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள். கணவன் அவளைப் பார்த்தான். அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, குளியலறைப் பக்கம் போகாமல், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள்.